வழக்கத்துக்கு மாறான பாகம் என்பதாலேயே அது போலி ஆகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கைக்கடிகாரங்களை வாங்குவோருக்கு எச்சரிக்கையாகத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பெருகிவரும் மோசடிகளை எடுத்துக்காட்டியது வரவேற்கத்தக்கது. ஆனால், டயலின் நிறமோ முள்ளின் வடிவமோ வழக்கத்துக்கு மாறாக இருந்தால் அந்தக் கடிகாரத்தைத் தொடவே வேண்டாம் என்ற அறிவுரையை, பழைய கடிகாரங்களைப் பழுதுபார்த்தும் சேகரித்தும் வருபவன் என்ற முறையில் என்னால் ஏற்க இயலவில்லை. அதன்படி நடந்தால் அசலான கடிகாரங்கள் பல ஒதுக்கப்படும். வெவ்வேறு கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்துச் செய்து, பார்வைக்கு ஒழுங்காகத் தெரியும் ஒட்டுக் கடிகாரங்கள் தப்பித்துவிடும்.

ஜப்பானின் சீகோ நிறுவனம் 1969-ல் வெளியிட்ட 6139 வகைக் கடிகாரங்களில், மஞ்சள் டயலும் அதைச் சுற்றி நீலமும் சிவப்புமான வளையமும் கொண்ட ஒன்று உண்டு. இன்று முதன்முறையாக அதைப் பார்ப்பவர், யாரோ அண்மையில் வண்ணம் அடித்திருக்கிறார்கள் என்றே நினைப்பார். ஆனால், அது தொழிற்சாலையிலிருந்தே அப்படித்தான் வந்தது. 1973 நவம்பரில் அமெரிக்க விண்வெளி நிலையமான ஸ்கைலேபுக்கு ஸ்கைலேப் 4 பயணத்தில் புறப்பட்டு 84 நாள் விண்வெளியில் தங்கிய விண்வெளி வீரர் வில்லியம் போக் அங்கே அணிந்திருந்ததும் அந்த மஞ்சள் டயல் கடிகாரத்தைத்தான். சுவிஸ் நிறுவனமான ஒமேகாவின் ஸ்பீட்மாஸ்டர் வகையிலும் இதுபோன்ற செய்தி உண்டு. அந்தக் கடிகாரத்தின் முட்கள் வெள்ளை நிறத்தவை என்றே எல்லோரும் அறிவர். ஆயினும் 1968-ஐ ஒட்டி மிகச் சிலவற்றில் மட்டும் நீண்ட ஆரஞ்சு நிற விநாடி முள் பொருத்தப்பட்டது. அப்படியொரு கடிகாரம் 1971-ல் ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றிலும் இடம்பெற்றது. அந்த முள் அசல்தான் என்ற தெளிவு பிறந்து விலை ஏறிய பிறகு, புதிதாகச் செய்த ஆரஞ்சு முட்களைச் சாதாரணக் கடிகாரங்களில் மாட்டி விற்பதும் தொடங்கியது. ஒரே நிறத்தில் ஒரே வடிவில் உள்ள முள் ஒரு கடிகாரத்தில் அசலாகவும் மற்றொன்றில் ஒட்டாகவும் இருக்க முடியும் என்னும்போது, முள்ளை மட்டும் பார்த்து எப்படித் தீர்ப்புச் சொல்வது?

இதற்கு நேர்மாறான நிகழ்வு ஒன்றும் அண்மையில் நடந்தது. 1957-ல் அறிமுகமான முதல் வகை ஸ்பீட்மாஸ்டர் ஒன்று, டயல் வெயிலில் பழுத்துப் பழுப்பேறிய அழகுக்காகப் பெரிதும் பேசப்பட்டு, 2021 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் விலைபோனது. வாங்கியது ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகமே. வெவ்வேறு கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்து உருவாக்கப்பட்ட கடிகாரம் அது என்றும், தன்னிடம் முன்பு பணியாற்றிய மூவருக்கு அதில் தொடர்பு உண்டு என்றும் 2023-ல் அந்நிறுவனமே அறிவித்தது. படத்தில் பார்த்தவர்களுக்கு அந்தக் கடிகாரத்தில் குறையொன்றும் தெரியவில்லை என்பதைத் தங்கள் கட்டுரையாளர் கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

ஆகவே, பாகம் விசித்திரமாக இருக்கிறதா என்பதைவிட, அது மற்றப் பாகங்களோடு காலத்தாலும் தேய்மானத்தாலும் ஒத்துப்போகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. நம் ஊரில் அதிகம் புழங்கும் சீகோ கடிகாரங்களில் இதைச் சோதிப்பது எளிது. பின்மூடியில் சிறு கோட்டால் பிரிக்கப்பட்ட இரண்டு நான்கிலக்க எண்கள் இருக்கும். முதலாவது இயந்திரத்தின் எண், இரண்டாவது கேஸின், அதாவது வெளிக்கூட்டின், எண். டயலின் அடிவிளிம்பில், ஆறு மணிக் குறியின் இருபுறமும், லென்ஸ் வைத்தால் மட்டுமே படிக்கக்கூடிய பொடி எழுத்தில் டயலுக்குரிய எண் அச்சாகியிருக்கும். பின்மூடியில் 6139 என்றும் டயலில் 7009 என்றும் தொடங்கினால் அது ஒட்டுக் கடிகாரம்தான், மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை. அடுத்த நான்கு இலக்கங்கள் இரண்டிலும் அப்படியே ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. பலர் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு நல்ல கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பின்மூடியைக் கழற்றி மாற்றுவது எளிது என்பதால், உள்ளே இயந்திரத் தகட்டில் பொறித்துள்ள எண்ணையும் பார்த்துவிடுவது நல்லது.

பின்மூடியில் உள்ள வரிசை எண்ணும் உதவும். அதன் முதல் இலக்கம் தயாரிப்பு ஆண்டின் கடைசி இலக்கத்தையும், அடுத்தது மாதத்தையும் குறிக்கும். அக்டோபருக்குச் சுழியும், நவம்பர், டிசம்பருக்கு ஆங்கில எழுத்துகளான என், டி ஆகியவையும் வரும். எந்தப் பத்தாண்டு என்பதை இலக்கம் சொல்லாது. 9 என்பது 1969 ஆகவும் இருக்கலாம், 1979 ஆகவும் இருக்கலாம். அங்கே டயலின் வாசகம் கைகொடுக்கும். 1970-ஐ ஒட்டிச் சீகோ தன் கடிகாரங்களில் 'வாட்டர் ப்ரூஃப்' என்பதைக் கைவிட்டு 'வாட்டர் ரெசிஸ்ட்' என்று அச்சிடத் தொடங்கியது. 1975-ஐச் சேர்ந்த பின்மூடியும் 'ப்ரூஃப்' என்ற டயலும் ஒரே கடிகாரத்தில் இருந்தால், இரண்டில் ஒன்று வேறு இடத்திலிருந்து வந்தது என்று தயங்காமல் சொல்லலாம்.

மத்திய அரசு நிறுவனமான எச்.எம்.டி.யின் கடிகாரங்கள் நம் வீடுகளில் எத்தனையோ பேர் கையில் இருந்தவை என்பதால், அவற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். ஜப்பானின் சிட்டிசன் நிறுவன ஒத்துழைப்புடன் 1961-ல் பெங்களூரில் தொடங்கிய அந்தத் தயாரிப்பு, 2016-ல் மத்திய அரசின் முடிவால் முற்றுப்பெற்றது. அதன்பின் ஜனதா, பைலட் ஆகிய எச்.எம்.டி. வகைகளுக்குத் தேவை கூடியது; தேய்ந்த டயல்களைச் சுரண்டி, தொழிற்சாலை ஒருபோதும் தராத நிறங்களிலும் ராணுவச் சின்னங்களுடனும் மீண்டும் அச்சிட்டு விற்கும் வேலையும் பெருகியது. அத்தகைய டயலை லென்ஸில் பார்த்தால் எழுத்துகளின் ஓரம் மை கசிந்து தடித்திருக்கும். நிமிடக் கோடுகள் மணிக் குறிகளின் நடுவோடு சேராமல் சற்று விலகி நிற்கும். பதிக்கப்பட்ட உலோகக் குறிகளின் அடியில் பூச்சு தேங்கிக் கரைகட்டியிருக்கும். டயலைக் கழற்றிப் பின்புறம் பார்த்தால், அதை இயந்திரத்தோடு இணைக்கும் இரண்டு சிறு கால்களில் ஒன்று ஒடிந்து, பசையால் ஒட்டப்பட்டிருப்பதும் உண்டு. இதற்காக, நிறம் புதிதாகத் தெரிந்த பைலட் எல்லாம் போலி என்று சொல்லிவிடக் கூடாது. அந்த வகையிலேயே எழுத்தமைப்பும் முட்களும் காலந்தோறும் மாறியிருக்கின்றன. தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்து, இடையில் யாரும் திறக்காத கடிகாரத்தின் டயல், படங்களில் காணும் டயலோடு ஒத்திராமல் போகலாம்.

இருட்டில் ஒளிரும் பூச்சும் ஒரு நல்ல சாட்சி. 1960-களுக்கு முந்தைய டயல்களில் பெரும்பாலும் கதிரியக்கப் பொருளான ரேடியம். அதன் அரையாயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். ஆயினும், அதனுடன் கலந்து ஒளியைத் தரும் துத்தநாக சல்பைடு சிதைந்துவிடுவதால் இப்போது ஒளி தெரியாது. பின்னர் வந்த டிரிட்டியத்தின் அரையாயுள் 12.3 ஆண்டுகள்தான் என்பதால், பழைய டயல்களில் அதன் ஒளியும் மங்கியிருக்கும். டயலின் அடியில், டிரிட்டியத்தைக் குறிக்கும் 'டி ஸ்விஸ் டி' என்று அச்சிடப்பட்டிருந்தும், விளக்கொளி காட்டியபின் விடியும்வரை பளிச்சென்று ஒளிர்ந்தால், அந்தப் பூச்சு பின்னர் வைக்கப்பட்டது. ரேடியம் முட்கள் நெடுங்காலம் அசையாமல் நின்ற கடிகாரத்தில், அவற்றுக்கு நேர்கீழே டயல் பழுப்பாகக் கருகியிருக்கும். அந்தத் தழும்பின் வடிவம் முள்ளின் வடிவத்தோடு பொருந்தினால், இரண்டும் நீண்ட காலம் சேர்ந்தே இருந்தன என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடைப்பது அரிது.

தங்கள் கட்டுரை அசல், போலி என்ற இரண்டோடு நின்றுவிட்டது. நடுவில், நிறுவனத்தின் சொந்தப் பழுதுபார்ப்பு நிலையமே பிற்காலத்தில் மாற்றிக் கொடுத்த டயலும் முள்ளும் உண்டு. அவை அந்நிறுவனத்தின் பாகங்களே, ஆனால் அந்தக் கடிகாரத்தோடு பிறந்தவை அல்ல. அதில் ஏமாற்று எதுவும் இல்லை. மறைத்து விற்றால்தான் ஏமாற்று. பழைய ரசீதும் பழுதுபார்த்த சீட்டும் வீட்டுமனைக்குத் தாய்ப்பத்திரம் போல இங்கே பயன்படும். கடிகாரம் விற்பவர்கள் பெட்டியைக் காட்டுவதைவிட இவற்றைக் காட்டட்டும்.

இனி இத்தகைய கட்டுரை வெளியிடும்போது, டயலின் அடிவிளிம்பு, பின்மூடி, இயந்திரம் ஆகிய மூன்றின் தெளிவான படங்களைக் கேட்டு வாங்கிய பிறகே பணம் கொடுக்குமாறு வாசகர்களுக்குச் சொல்ல வேண்டுகிறேன். டயலை மறு அச்சுக்குக் கொடுக்க எண்ணுவோர், எழுத்து மங்கியிருந்தாலும் பழையதை அப்படியே விட்டுவிடுவது நல்லது. முள்ளையோ, பக்கவாட்டில் திருகும் சாவியையோ மாற்றித்தான் தீர வேண்டும் என்றால், கழற்றிய பாகத்தைக் கடைக்காரரிடமிருந்து கேட்டு வாங்கி, தேதியிட்ட உறையில் போட்டு, கடிகாரத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்