அண்ணனின் கண்களைத் திறக்காதே

அன்புள்ள தூரிகைத் திருடா,

புகைப்படங்களைப் பார்த்து நீ வரைந்த ஓவியங்களின் படங்கள் வந்து வெகுநாளாகிவிட்டது. என்னைத் திட்டி நீ எழுதிய இரண்டு வரிகளும் பத்திரமாக வந்து சேர்ந்தன. இங்கே எல்லாரும் நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. கண்ணாடி மாற்றியிருக்கிறேன், ஆகவே இனி உன் குறைகள் தெளிவாகத் தெரியும்.

முதலில் மாடிப்படி ஓவியம். அருமை. ஃப்ளாஷ் வெளிச்சம் நேராக வந்து விழுந்து மூக்கு, கன்னம் எல்லாவற்றின் மேடுபள்ளத்தையும் துடைத்துவிட்டு, பின்சுவரில் ஒரு கெட்டியான நிழலை மட்டும் ஒட்டிவைக்கும். பலர் அதைக் கண்டு பயந்து, பக்கவாட்டு வெளிச்சத்தைக் கற்பனை செய்து முகத்தை அழகாக்கப் பார்ப்பார்கள். நீ அந்தத் தட்டையான வெளுப்பை ஏற்றுக்கொண்டு நாலைந்து சாயல்களில் முகத்தை முடித்துவிட்டாய். திடுக்கிட்டுத் திரும்பிய குழந்தை இன்னும் திடுக்கிட்டபடியே இருக்கிறது. நெட்டையன் இதைப் பார்த்தால் இரண்டு நாள் பேசமாட்டான்.

பாராட்டு முடிந்தது.

சைக்கிள் தாத்தாவுக்கு என்ன ஆயிற்று? முழுப் படத்தையும் உலர்ந்த தூரிகையால் இழுத்து மங்கலாக்கியிருக்கிறாய். ரிக்டர் செய்தாரே என்பாய். ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் 1965இல் தன் மாமா ரூடியை வரைந்தார். அது சாதாரணக் குடும்பப் புகைப்படம்தான், ஆனால் மாமா சிரித்துக்கொண்டு நிற்பது நாஜி ஜெர்மனியின் ராணுவச் சீருடையில். பாசம் ஒரு பக்கம் இழுக்கிறது, சீருடை மறுபக்கம் இழுக்கிறது. ஈரச் சாயத்தை அவர் இழுத்துவிட்டதால் அந்தச் சிரிப்பை நேசிக்கவும் முடியாமல் வெறுக்கவும் முடியாமல் நாம் நிற்கிறோம். உன் தாத்தா சைக்கிள்தான் ஓட்டினார். அவரை மறைக்க என்ன இருக்கிறது? கைப்பிடியைப் பற்றிய விரல்கள் உனக்கு வரவில்லை, அவ்வளவுதான். "கை வராத இடத்தில் மூடுபனி இறங்கும்" என்று வாத்தியார் யாரைப் பார்த்துச் சொன்னார் என்பதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

தாத்தாவின் உதடுகளைக் கறுப்பாகத் தீட்டியிருப்பதையும் மாற்று. அந்தக் காலத்து ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம் சிவப்பை உணராது. உதடு கறுக்கும், சிவந்த தோல் இருண்டுபோகும், நீல வானம் வெள்ளைத்தாளாகிவிடும். கோடக்கின் வெரிக்ரோம் ஃபிலிமே 1956இல் தான் எல்லா நிறங்களையும் உணரும் வகைக்கு மாறியது. ஆகவே அந்தப் படத்தில் கறுப்பாகத் தெரிகிற சட்டை சிவப்பாகவும் இருந்திருக்கலாம். தைரியமாகச் சிவப்புப் போட்டுப் பார்.

இப்போது குடும்பப் படம். இதற்காகத்தான் இத்தனை நாள் பேனாவை எடுக்கத் தயங்கினேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். ஓவியம் முழுக்க ஓர் ஆரஞ்சுச் சிவப்பைப் பரப்பி அதற்கு 'நினைவின் நிறம்' என்று பெயரும் வைத்திருக்கிறாய். அது நினைவின் நிறமே அல்ல. வண்ணப் புகைப்படத் தாளில் சியான் என்ற பச்சைநீலம், மெஜந்தா என்ற ஊதாச்சிவப்பு, மஞ்சள் என்று மூன்று சாயங்கள் உண்டு. அந்நாளைய தாள்கள் பலவற்றில், ஆல்பத்துக்குள் இருட்டில் கிடந்தாலும், சியான் மற்ற இரண்டுக்கும் முன்பே வெளிறிவிடும். மிச்சமிருக்கும் சிவப்பைப் பார்த்துவிட்டு நாம் உருகுகிறோம். அடுத்தது, ஓரத்தில் நிற்கும் உன் பெரியம்மா. அவர் ஒருநாளும் அவ்வளவு பருமனாக இருந்ததில்லை. எல்லாரையும் அடக்க வேண்டுமென்று அகலக்கோண லென்ஸைக் கிட்டத்தில் வைத்தால், விளிம்பில் நிற்பவரை அது பக்கவாட்டில் இழுத்துவிடும். அவரைக் கொஞ்சம் ஒடுக்கிவிடு. அவர் பார்த்திருந்தால் உன் காதைத் திருகியிருப்பார்.

ஆக, சாயமும் லென்ஸும் செய்த கோளாறுகளை நீ அப்படியே வைத்துக்கொண்டாய். சூரியன் செய்ததை மட்டும் திருத்திவிட்டாய்! கீழே தரையில் விழுந்திருந்த உன் அப்பாவின் நிழலை அழித்தாய், அண்ணனின் மூடிய கண்களைத் திறந்தாய்.

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று படம் எடு என்பதுதான் அன்று கேமரா வாங்கிய எல்லாருக்கும் சொல்லப்பட்ட பாடம். படம் எடுத்த அப்பா அதற்குப் பணிந்து நின்றார். அதனால்தான் அவர் நிழல் முன்னால் நீண்டு உங்கள் கால்வரை வந்தது. அதனால்தான் நீங்கள் எல்லாரும் கண்ணைச் சுருக்கினீர்கள், அண்ணன் மூடியே விட்டார். நிழலும் கண்ணும் ஒரே வெயிலின் வேலை. இரண்டையும் எடுத்துவிட்ட பிறகு உன் படத்தில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்றே எனக்குத் தெரியவில்லை. மற்றவர்களின் சுருங்கிய புருவங்கள் இப்போது கோபம்போலத் தெரிகின்றன.

நீ ஏன் செய்தாய் என்பது எனக்குத் தெரியாமலில்லை. அண்ணன் உங்களோடு நிற்கிற படம் அது ஒன்றுதான். அதிலும் கண்ணை மூடிக்கொண்டானே என்று அம்மா எத்தனை முறை சொன்னார்கள் என்பதை நானும் உங்கள் வீட்டில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஆனால் நீ திறந்துவைத்த கண்களை ஒருமுறை உற்றுப் பார். இடது இமை சற்றுத் தொங்கியிருக்கிறது. அண்ணனுக்கு அப்படி இல்லை. உனக்குத்தான் அப்படி. புகைப்படம் எதுவும் சொல்லாத இடத்தில் கை தனக்கு மிகவும் பழகிய முகத்தை எழுதிவிடுகிறது. ஓவியர்கள் தம் சொந்தச் சாயலையே உருவங்களில் திரும்பத் திரும்பக் கொண்டுவருவதை லியனார்டோ டா வின்சி தம் குறிப்புகளில் எச்சரித்திருக்கிறார். அம்மா அந்த ஓவியத்தைப் பார்த்துச் சந்தோஷப்படலாம். அவர் பார்த்துச் சந்தோஷப்படப்போவது உன் கண்களை என்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஒருவேளை அவருக்கு அது போதுமாகவும் இருக்கலாம். அதை நீதான் சொல்ல வேண்டும்.

இதோடு நான் வரைந்த ஓவியம் ஒன்றின் படத்தையும் வைத்திருக்கிறேன். என் அம்மா, பள்ளிக்கூடத் தோழிகளுடன். மூலப் புகைப்படத்தில் அவர் முகம் மிளகளவுதான். பெரிதாக்கினால் முகம் வருவதில்லை, ஃபிலிமின் துகள்கள்தான் வருகின்றன. கண்குழிகளில் ஒரே பழுப்பு நிறத்தை வைத்துவிட்டு அங்கிருந்து விலகிவிட்டேன். விழி, இமை எதுவும் எழுதவில்லை. பெரிதாக்கப் போட்ட கட்டக் கோடுகளையும் பல இடங்களில் விட்டிருக்கிறேன். பிரிட்டிஷ் ஓவியர் வால்டர் சிக்கர்ட் 1930களில் பத்திரிகைப் புகைப்படங்களிலிருந்து வரைந்தபோது சில ஓவியங்களில் அப்படி விட்டார். எனக்கு அந்த நேர்மை பிடிக்கும். அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "முடிக்காமலே கொடுக்கிறாயே" என்கிறாள். தூரத்திலிருந்து பார்க்கும்போது அம்மா என்னைப் பார்ப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அது ஓவியத்தில் இருக்கிறதா, என் ஆசையில் இருக்கிறதா? நீ பார்த்துச் சொல். வலப்பக்கத் தோழியின் கழுத்து நீளம் என்று மட்டும் சொல்லாதே, அது எனக்கே தெரியும், அவர் கழுத்து அப்படித்தான்.

குடும்பப் படத்துக்கு இன்னும் வார்னிஷ் போட்டிருக்கமாட்டாய் என்று நம்புகிறேன். எண்ணெய்ச் சாயம் நன்றாக உலர ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை பொறுக்க வேண்டும் என்பது உனக்கும் தெரியும், அந்தப் பொறுமை உனக்கு இருந்ததில்லை என்பது எனக்கும் தெரியும். தரை மேல் மெல்லிய பூச்சாக நிழலைத் திரும்பக் கொண்டுவர ஒரு மாலை போதும். கண்களைப் பற்றி உன் அம்மாவிடம் பேசிவிட்டு முடிவு செய். நெட்டையனிடம் மட்டும் கேட்காதே. அவன் வழக்கம்போல உன் பக்கம் சேர்ந்துகொள்வான்.

உன்
கரித்துண்டு