"டென்ஷன்தான்மா" என்று சொல்வதற்கு முன்: பொது மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டாக்டர்களுக்கு,

மூட்டு வலி, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், கொத்துக் கொத்தாக முடி கொட்டுவது என்று ஓர் இளம்பெண் வந்து உட்கார்ந்தால், "டென்ஷன்தான்மா, நல்லாத் தூங்குங்க" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுப்பதை தயவுசெய்து நிறுத்துங்கள். என் தங்கைக்கு இதுதான் நடந்தது. காலையில் விரல் மடங்காமல் குழாயைத் திறக்க என்னைக் கூப்பிடுவாள், வெயிலில் போய்வந்தால் மூக்கின் இரண்டு பக்கமும் கன்னம் சிவந்து தடித்துவிடும், கடைசியில் சிறுநீரில் புரதம் போக ஆரம்பித்த பிறகுதான், நோயெதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் என்றார்கள்.

லூபஸ் வருபவர்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது பேர் பெண்கள். எல்லாம் ஹார்மோன் என்று விட்டுவிட முடியாது. வழக்கமான எக்ஸ்ஒய்க்குப் பதிலாக ஓர் எக்ஸ் கூடி எக்ஸ்எக்ஸ்ஒய் குரோமோசோமோடு பிறக்கும் கிளைன்ஃபெல்ட்டர் ஆண்களுக்கு லூபஸ் ஆபத்து மற்ற ஆண்களைப்போல சுமார் 14 மடங்கு என்று 2008-லேயே கணக்கிட்டார்கள், அதாவது கிட்டத்தட்ட பெண்களுக்கு உள்ள அளவு.

அதனால் சந்தேகம் எக்ஸ் குரோமோசோம் மேல் விழுகிறது. பெண்ணின் செல்லில் இருக்கும் இரண்டு எக்ஸில் ஒன்றை எக்ஸிஸ்ட் என்ற ஆர்என்ஏ போர்த்திக்கொண்டு, டிஎன்ஏவில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் அதன் ஜீன்களை அடக்கிவைக்கிறது. எபிஜெனெடிக்ஸ் என்பது இந்த மாதிரி வேலைதான். ஆனால் எல்லா ஜீனும் அடங்குவதில்லை. வைரஸின் ஆர்என்ஏவை மோப்பம் பிடிக்கும் டிஎல்ஆர்7 என்ற ஜீன், சில நோயெதிர்ப்புச் செல்களில் இரண்டு எக்ஸிலிருந்தும் வேலை செய்கிறது. அது அளவு மீறினால் என்ன ஆகும்? ஸ்பெயின் நாட்டுச் சிறுமி ஒருத்திக்கு அந்த ஜீனில் ஒரே ஒரு மாற்றம், சின்ன வயதிலேயே கடுமையான லூபஸ். 2022-ல் வெளிவந்த ஆய்வு அது. 2024-ல் ஸ்டான்ஃபோர்டில் ஹோவர்ட் சாங் குழு, நோய்க்கு இடம்கொடுக்கும் வகை ஆண் எலிகளில் எக்ஸிஸ்டை உண்டாக்கி, லூபஸைத் தூண்டும் ரசாயனமும் செலுத்தியது; பெண் எலிகள் அளவுக்கே அவற்றுக்கும் நோய் முற்றியது. எக்ஸிஸ்டோடு ஒட்டியிருக்கும் புரதங்களையே உடம்பு எதிரியாக நினைத்துத் தாக்கலாம் என்பதுதான் அவர்கள் கண்டது.

சரி, இதையெல்லாம் நீங்கள் எங்களுக்கு விளக்க வேண்டாம். இந்தத் தொந்தரவுகள் வாரக்கணக்கில் விடவில்லை என்றால் ஒரு யூரின் டெஸ்ட், சொந்த செல்லையே தாக்கும் ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கும் ஏஎன்ஏ ரத்த டெஸ்ட் ஒன்று எழுதுங்கள். நன்றாக இருப்பவர்களுக்கும் ஏஎன்ஏ பாசிட்டிவ் வரலாம்தான், அதை மூட்டு, லூபஸ் மாதிரி நோய்களைப் பார்க்கும் ருமட்டாலஜிஸ்ட் பார்த்துச் சொல்லட்டும். அப்புறம், இதே தொந்தரவோடு ஓர் ஆண் வந்தாலும் இது பெண்கள் நோய் என்று ஒதுக்காமல் அதே இரண்டு டெஸ்டையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு லூபஸ் நோயாளியின் அக்கா