மாங்குளத்தைத் தெரிவுசெய்ய உதவியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

வன்னியின் நான்கு மாவட்டங்களையும் சேர்ந்த உயர்தர மாணவர்கள், கடந்த பாடசாலை விடுமுறையில், பன்னாட்டுத் தொலைக்காட்சிப் பாடல் போட்டி ஒன்று வன்னிக்கு வருவதாக வைத்துக்கொண்டு, அதை எந்த ஊரில் நடத்துவது என்று ஐந்து அணிகளாகப் பிரிந்து விண்ணப்பம் எழுதி, ஊரவர் முன்னிலையில் வாதிட்டு, இறுதியில் மாங்குளத்தைத் தெரிவுசெய்தார்கள். அப்படி ஒரு போட்டி வரப்போவதில்லை என்பது மாணவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனால் அந்த விண்ணப்பங்களில் உள்ள கூரையும் மின்சாரமும் தண்ணீரும் வீதியும் கற்பனையல்ல. அவற்றைப் பற்றி மாணவர்களுக்கு எடுத்துச் சொல்வதற்காகத் தங்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்தவர்களுக்கு நன்றி சொல்லவே இம்மடலை எழுதுகிறோம். பலர் தங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டமையால், எல்லோரையும் அவரவர் தொழிலையும் ஊரையும் கொண்டே குறிப்பிடுகிறோம்.

நாங்கள் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது ஐரோப்பாவின் யூரோவிஷன் பாடல் போட்டியை. 1956 ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தின் லுகானோ நகரில் ஏழு நாடுகளுடன் தொடங்கிய அப்போட்டியை, ஓர் ஆண்டு வென்ற நாடு அடுத்த ஆண்டு நடத்துவது வழக்கம். நாடு இப்படித் தானாகவே அமைந்துவிடும். நகரத்தைத்தான் தேட வேண்டும். ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் அமரக்கூடிய மண்டபம், 1,500 செய்தியாளர்களுக்கான இடம், குறைந்தது 2,000 பேருக்கு விடுதி வசதி, எளிதில் சென்றடையக்கூடிய பன்னாட்டு விமான நிலையம் ஆகியன அண்மைக் காலத்தில் விண்ணப்பிக்கும் நகரங்களிடம் கேட்கப்படுபவை. இவற்றை அப்படியே வன்னியிடம் கேட்டால் விண்ணப்பம் முதற் பக்கத்தைத் தாண்டாது. ஆகவே தொகைகளைக் குறைத்துக்கொண்டோம். கேள்விகளில் ஒன்றையும் குறைக்கவில்லை.

இந்த விபரங்களைத் திரட்டித் தமிழில் எழுதி அனுப்பியவர், முள்ளியவளையைப் பிறப்பிடமாகவும் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்தை வதிவிடமாகவும் கொண்ட ஒரு சகோதரி. 2025 ஆம் ஆண்டுப் போட்டி அவருடைய நகரத்திலேயே நடந்தது. 2024 இல் சுவிற்சர்லாந்து வென்றதும் பல நகரங்கள் முன்வந்தன. கடைசிச் சுற்றில் ஜெனீவாவும் பாசலும் நிற்க, 2024 ஓகஸ்ட் 30 அன்று பாசல் அறிவிக்கப்பட்டது. அத்துடன் முடிந்துவிடவில்லை. அந்த மாநிலம் ஒதுக்கிய 3 கோடியே 75 இலட்சம் பிராங்கைச் செலவிடலாமா என்று மக்களிடமே கேட்க வேண்டும் என ஒரு கட்சியினர் கையொப்பம் திரட்டியதால், நவம்பர் 24 அன்று வாக்கெடுப்பு நடந்து, வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தார்கள். மக்கள் மறுத்திருந்தால் நகரத்துக் கொண்டாட்டங்கள் எதுவுமின்றித் தொலைக்காட்சி நிகழ்ச்சி மட்டுமே நடந்திருக்கும். ஒரு பாட்டுப் போட்டிக்கு வாக்குச்சீட்டா என்று மாணவர்கள் வியந்து கேட்ட கேள்விகளுக்கெல்லாம், வேலை முடிந்து வந்த களைப்போடு நள்ளிரவு வரை தொலைபேசியில் பதில் சொன்ன அந்தச் சகோதரிக்கு எங்கள் முதல் நன்றி உரியது.

அடுத்த நன்றி முள்ளிவாய்க்கால் பகுதியைச் சேர்ந்த ஒரு தாயாருக்கு. யூரோவிஷன் மே மாதத்தில் நடப்பதால் மாணவர்களும் தங்கள் விண்ணப்பங்களில் மே மாத நடுப்பகுதியையே எழுதி வந்திருந்தார்கள். மகளை அழைத்துப் போக வந்து வாசலில் நின்ற அந்தத் தாயார் அதைக் கேட்டுவிட்டு, “அந்தக் கிழமை இஞ்சை பாட்டு வைக்கேலாது, பிள்ளையள்” என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அவரும் விளக்கவில்லை. விளக்கம் கேட்பவரும் அங்கு இல்லை. மே 12 முதல் 18 வரை வன்னியில் எந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதும், தெருவோரங்களில் எதற்காகக் கஞ்சி காய்ச்சப்படுகின்றது என்பதும் 2009 இற்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கும் தெரிந்தவையே. பாசலில் இறுதிப் போட்டி 2025 மே 17 இரவு 9 மணிக்குத் தொடங்கியபோது இலங்கையில் மே 18 அதிகாலை 12.30 ஆகியிருந்தது என்பதைக் கணக்கிட்டுச் சொன்ன மாணவன், தன் அணியின் விண்ணப்பத்தில் இருந்த திகதியைத் தானே வெட்டினான். மண்டபத்தைத் தேடும் முன் நாளைத் தேட வேண்டும் என்ற ஒழுங்கு அங்கேயே ஏற்பட்டது.

இதற்கு யூரோவிஷன் வரலாற்றிலேயே முன்னுதாரணம் உண்டு என்று எடுத்துக் காட்டியவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவர். 1978 இலும் 1979 இலும் தொடர்ந்து வென்ற இஸ்ரேல், 1979 ஆம் ஆண்டுப் போட்டியை ஜெருசலேமில் நடத்தியது. 1980 இல் குறிக்கப்பட்ட நாள் போரில் இறந்தோருக்கான அந்நாட்டின் நினைவு நாளோடு மோதியது. இரண்டாம் முறையும் நடத்துவதற்கான செலவும் சேர்ந்துகொள்ள, அந்நாடு விலகிக்கொண்டது. போட்டி நெதர்லாந்தின் ஹேக் நகருக்குப் போனது. நாள் பொருந்தாவிட்டால் வென்றவரும் வேண்டாம் என்று சொல்லலாம் என்பதை மாணவர்கள் இதிலிருந்து குறித்துக்கொண்டார்கள்.

மே போனபின் எந்த மாதம்? இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் ஐயா ஒருவர், நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாதமாகத் தள்ளினார். வைகாசி வற்றாப்பளை அம்மனின் பொங்கலுக்கு உரியது. ஆனியிலும் ஆடியிலும் சோளகக் காற்று அடிக்கும். தற்காலிகக் கூரை நிலைக்காது. ஆவணியில் மடு மாதாவின் பெருவிழாவுக்கு வாகனங்களெல்லாம் போய்விடும். ஐப்பசி முதல் மார்கழி வரை மாரி. தையில் அறுவடை, ஆள் கிடையாது. இப்படித் தள்ளிக்கொண்டே போய் அவர் வந்து நின்றது மாசியின் பிற்பகுதியில். இந்தக் கணக்கை எந்தப் பாடப்புத்தகத்திலிருந்தும் எங்களால் பெற்றிருக்க முடியாது. அவருக்கு எங்கள் பணிவான நன்றி.

மாசி என்று முடிவானதும் கிளிநொச்சி அணிக்குச் சிக்கல் வந்தது. அவர்கள் அயர்லாந்தின் மில்ஸ்ட்ரீற்றை நம்பியிருந்தார்கள். ஏறத்தாழ 1,500 பேர் வாழும் அந்தச் சிற்றூர், 1993 மே 15 அன்று யூரோவிஷனை நடத்தியது; அப்போட்டியை நடத்திய ஊர்களுள் மிகச் சிறியது அதுவே. அயர்லாந்து 1992 இல் வென்ற அன்றிரவே, மில்ஸ்ட்ரீற்றில் குதிரைக் காட்சிகளுக்கான உள்ளரங்கு ஒன்றை வைத்திருந்த நோயல் டகன் என்பவர், அதை வாடகையின்றித் தருவதாக அந்நாட்டு ஒளிபரப்பு நிறுவனத்துக்கு எழுதினார் என்று சொல்வார்கள். பிரித்தானியச் செய்தி வாசிப்பாளர் ஒருவர் அதை மாட்டுத்தொழுவம் என்று ஏளனம் செய்து, பின்னர் மன்னிப்புக் கேட்கவும் நேர்ந்தது. குதிரைக்குக் கட்டிய கூரையின் கீழ் யூரோவிஷன் நடக்கலாமென்றால் நெல்லுக்குக் கட்டிய கூரையின் கீழ் ஏன் நடக்கக்கூடாது என்பது கிளிநொச்சி மாணவர்களின் வாதம். உயரமும் அகலமும் தூணில்லாத நடுவெளியும் கொண்ட நெற்களஞ்சியம் ஒன்றை அவர்கள் அளந்தும் வந்திருந்தார்கள். அளக்க அனுமதித்த களஞ்சியப் பொறுப்பாளர் விண்ணப்பத்தை முழுமையாக வாசித்துவிட்டுக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: மாசியில் நெல்லை எங்கே வைப்பது? காலபோக நெல் வந்து நிறையும் நேரத்தில் களஞ்சியத்தைக் கேட்பதற்கு எந்த அணிக்கும் துணிவு வரவில்லை. அவர் சிரிக்காமல் கேட்டதற்கும், பின்னர் எல்லோருடனும் சேர்ந்து சிரித்ததற்கும் நன்றி.

கோயில் திருவிழாக்களுக்கு ஒலியும் ஒளியும் அமைக்கும் புதுக்குடியிருப்புச் சவுண்ட்ஸ்கார அண்ணர் தந்த வகுப்பை மாணவர்கள் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். நேரடி ஒளிபரப்பில் மின்சாரம் ஒரு நொடியும் அறக்கூடாது என்பதால், ஒரு மின்பிறப்பாக்கி ஓடும்போது இன்னொன்று ஆயத்தமாக நிற்க வேண்டும் என்பதையும், விளக்குகளுக்கும் ஒலிக்கும் ஒரே இணைப்பிலிருந்து மின் எடுத்தால் ஒலிபெருக்கியில் இரைச்சல் புகும் என்பதையும் தம் கருவிகளைக் கொண்டுவந்து, இணைத்து, இரைச்சலைக் கேட்கவைத்தே விளக்கினார். மண்டபத்தில் எத்தனை பேர் இருக்கலாம் என்று எல்லோரும் கேட்பார்கள், அதன் கூரையில் எவ்வளவு பாரம் தொங்கலாம் என்று எவரும் கேட்பதில்லை என்பது அவருடைய குறை. வெளிநாட்டுப் போட்டிகளிலும் மேடை விளக்குகளின் பாரமே பல மண்டபங்களைத் தள்ளிவிடுகின்றது. வாடகைக்குப் போக வேண்டிய பொருட்களை ஒரு நாள் முழுவதும் எங்களிடம் விட்டுவைத்தார், கூலி கேட்கவில்லை.

காணி பற்றிய விதியை முன்வைத்தவர் கேப்பாப்புலவைச் சேர்ந்த ஒரு முதியவர். அசர்பைஜானின் பாக்கு நகரில் 2012 ஆம் ஆண்டுப் போட்டிக்காகப் புதிய அரங்கு எழுப்பப்பட்டபோது, அப்பகுதியில் வீடுகள் இடிக்கப்பட்டு மக்கள் வெளியேற்றப்பட்டமையை மனித உரிமை அமைப்புகள் கண்டித்திருந்தன. அதை மாணவர் ஒருவர் வாசித்து முடித்ததும், எந்த விண்ணப்பமும் தனியார் காணியில் ஒரு முழத்தையேனும், ஒரு நாளைக்கேனும் கேட்கக்கூடாது என்ற நிபந்தனையைச் சேர்க்கும்படி அவர் வற்புறுத்தினார். படையினர் வசமிருந்த தம் காணிக்காக வீதியோரத்தில் காத்திருந்த ஊரிலிருந்து வந்தவர் சொன்னதை மறுத்துப் பேச எங்களுக்கு வாயில்லை. அந்த ஒரு நிபந்தனையால் இரண்டு அணிகள் தங்கள் வரைபடத்தைத் திரும்ப வரைய வேண்டியிருந்தது, வரைந்தார்கள்.

பெருந்திரளை ஊருக்குள் எடுப்பதில் வன்னிக்கு எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை என்பது எங்கள் எண்ணம். வற்றாப்பளைப் பொங்கலில் தொண்டு செய்யும் இளைஞர்கள் தண்ணீர்ப்பந்தல், கழிப்பறை, காணாமற் போகும் பிள்ளைகள், வெளியேறும் வழி ஆகியவற்றை வரிசையாகச் சொல்லித் தந்தார்கள். மடுவில் கூடாரம் அடித்துத் தங்கிப் பழகிய குடும்பங்கள் மன்னார் அணிக்குத் துணைநின்றன.

வாதிடும் முறையை உக்ரேனிடமிருந்து எடுத்துக்கொண்டோம். 2017 ஆம் ஆண்டுப் போட்டிக்கு இடம் தேடியபோது, அந்நாட்டின் ஆறு நகரங்களின் பிரதிநிதிகள் தொலைக்காட்சியில் நேரடியாக வாதிட்டார்கள். முடிவில் தெரிவானது கீவ். எங்கள் வாதத்தை மூன்று நடுவர்கள் கேட்டார்கள்: ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர், நாடகமும் அரங்கியலும் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், ஏ-9 வீதியில் நெடுங்காலம் பேருந்து ஓட்டிய சாரதி ஒருவர். வவுனியா அணியிடம் விடுதிகளும் புகையிரதமும் மருத்துவமனையும் இருந்தன. ஆனால் நகரத்தின் பெருமைக்குப் பல பக்கங்களையும் கூரைக்கு ஒரு பத்தியையும் அவர்கள் ஒதுக்கியிருந்தார்கள். கிளிநொச்சி அணி களஞ்சியத்தை இழந்த பின்னும் நல்லதொரு வாதத்தை வைத்தது. உக்ரேன் 2022 இல் வென்றும் போர் காரணமாக நடத்த முடியாமற் போக, 2023 இல் லிவர்பூல் நகரம் அதன் சார்பில் நடத்தியபோது, இடம்பெயர்ந்து வந்த உக்ரேனியர்களுக்கென்று 3,000 நுழைவுச்சீட்டுகள் ஒதுக்கப்பட்டன. அதுபோல மீள்குடியேறிய கிராமங்களுக்கு முன்வரிசையை ஒதுக்குவோம் என்றார்கள். சபை கைதட்டியது. நடுவர்களும் அந்த யோசனையை எடுத்துக்கொண்டு, ஊரை மட்டும் மாற்றினார்கள்.

மாங்குளத்தை வெல்ல வைத்தவர் சாரதி ஐயாதான் என்று சொல்ல வேண்டும். படுக்கை எத்தனை என்று எல்லோரும் எண்ணிக்கொண்டிருக்க, அவர் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஏ-9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கும் மாங்குளத்தில் நிகழ்ச்சி முடிந்தால், பார்வையாளர்கள் அன்றிரவே நாலா பக்கமும் வீடு திரும்பலாம். விடுதி தேவைப்படுவது கலைஞர்களுக்கும் பணியாளர்களுக்கும் மட்டுமே, அவர்களை வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் தங்கவைக்கலாம். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று மாங்குளம் அணியினர் தங்கள் விண்ணப்பத்தின் செலவுப் பக்கத்தில் எழுதியிருந்ததும் நடுவர்களுக்குப் பிடித்திருந்தது. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் சிறிய ரக விமானங்களே இறங்குவதால் விமானப் பயணத்தைப் பற்றிய கேள்விக்கு மட்டும் எந்த அணியிடமும் நல்ல விடை இல்லை.

கூடுவதற்கு மண்டபம் தந்த பொது நூலகத்தாருக்கும், மாணவர்களை அனுப்பிய அதிபர்களுக்கும், மதிய உணவு சமைத்த மாதர் சங்கத்து அக்காமாருக்கும், வான் ஓடிய தம்பிமாருக்கும், விண்ணப்பங்களை அச்சிட்டுக் கட்டித்தந்த கடைக்காரருக்கும் எங்கள் நன்றி. ஐந்து விண்ணப்பங்களின் பிரதிகளும் நூலகத்தின் உசாத்துணைப் பகுதியில் வைக்கப்பட்டுள்ளன. விரும்பியவர்கள் அங்கே வாசிக்கலாம். உணவு எடுத்துவந்த பாத்திரங்கள் சிலவும், மாதர் சங்கத்தின் அடையாளமிட்ட பாய்களும் மண்டபத்திலேயே இருக்கின்றன. உரியவர்கள் நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் வந்து பெற்றுக்கொள்ளும்படி வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
ஏற்பாட்டுக் குழுவினர்,
கிளிநொச்சி.