தயிர் கப்பும் ரெண்டு பால்மா பக்கட்டும்

அன்பு மகன்,

நேத்து நீ கோல கட் பண்ணினாப் பிறகு எனக்கு நித்திரையே வரேல்ல. வாட்ஸ்அப்ல வொய்ஸ் போடுவம் எண்டு பாத்தா பக்கத்தில அப்பா குறட்டை, அதோட வொய்ஸ் எண்டா நான் நடுவில அழுதிடுவன், அதான் இருந்து டைப் பண்ணுறன். எழுத்துப்பிழை பாக்காத.

நீ நேத்து ரெண்டு கதை சொன்னாய். முதலாவது உன்ர வேலை இடத்தில நடந்த அந்தத் தயிர்க் கதை. திகதி முடிஞ்ச தயிர் கப் எல்லாத்திலயும் ஸ்டிக்கர உரிச்சிட்டு புதுசு ஒட்டச் சொன்னாங்கள், நீ ஒட்டாம அப்பிடியே குப்பை பின்னுக்குள்ள கொட்டிட்டாய், சூப்பவைசர் ஏசி ஏசி உன்னை நைட் டியூட்டிக்கு மாத்திட்டான் எண்டு சிரிச்சுச் சிரிச்சு சொன்னாய். அது முடிஞ்சு அஞ்சு நிமிசம் போகேல்ல, குரல் இறங்கி, "அம்மா நான் டோஹாக்கு வந்து ஆண்டவருக்கு எண்டு ஒண்டுமே செய்யேல்ல, கொயரும் இல்ல, பூசையும் ஒழுங்கா இல்ல" எண்டாய். எனக்கு அப்ப வாயில ஒண்டும் வரேல்ல. இப்ப கேக்கிறன், முதல் சொன்ன கதை என்னடா அப்ப?

பூசைக்குப் போகாட்டியும் பரவாயில்ல எண்டு நான் சொல்ல வரேல்ல. அங்க வெள்ளிக்கிழமைப் பூசைதான் ஞாயிறுப் பூசைக்குச் சமன் எண்டு உனக்கே தெரியும், லீவு கிடைக்கிற வெள்ளி கட்டாயம் போ. ஆனா கொயர்ல பாடினது மட்டும்தான் ஆண்டவருக்குச் செய்தது எண்டு எப்ப இருந்து கணக்கு வச்சனி? நீ போன புதுசில அந்த செபமாலை மாதா கோயில் படம் அனுப்பினாய் ஞாபகமா, 2008ல திறந்தது, வெளிய சிலுவையும் இல்ல மணியும் இல்ல, நான் கூட இதென்ன கல்யாண மண்டபமா எண்டு கேட்டன். நீதான் சொன்னாய் உள்ளுக்க வந்து பாருங்கோ அம்மா, சனம் நிக்க இடமில்ல எண்டு.

எங்களுக்கு சின்ன வயசில சிஸ்டர்மார் குழந்தை தெரேசம்மாட கதை சொல்லுவினம். 15 வயசில மடத்துக்குள்ள போனவ, 24 வயசில, 1897ல காசநோயில செத்தவ. மடத்த விட்டு வெளிய வரவே இல்ல, ஆனா 1927ல திருச்சபை அவவை மிஷன் வேலைக்குப் பாதுகாவலியா வச்சது, யாரோட சேத்து எண்டா யப்பான் வரைக்கும் கப்பல்ல போன பிரான்சிஸ் சவேரியாரோட. அவ செய்தது என்னெண்டா, துணி தோய்க்கேக்க முன்னால நிக்கிற சிஸ்டர் ஊத்தைத் தண்ணிய இவட முகத்தில அடிச்சடிச்சுத் தோய்ப்பாவாம், இவ முகத்தத் துடைச்சுக் காட்டினா அவவுக்கு மனம் நோகும் எண்டு பேசாம நிண்டாவாம். அவ்வளவுதான். எனக்கு அப்ப சிரிப்பு வந்தது, இதுவும் ஒரு புனிதமா எண்டு. இந்த வயசிலதான் விளங்குது அது எவ்வளவு கஷ்டம் எண்டு, எனக்கெல்லாம் பின்வளவு அக்கா குப்பையை எங்கட வேலிப் பக்கம் தள்ளினாலே ரெண்டு நாள் முகம் நீளும்.

சரி, உனக்கு இதுவரைக்கும் சொல்லாத ஒண்டு சொல்லுறன். அப்பாக்கும் தெரியாது.

2022 மார்ச் மாசம். கரண்ட் போற நேரம், காஸ் இல்ல, மண்ணெண்ணெய் லைன், உனக்கு எல்லாம் தெரியும்தானே. 400 கிராம் பால்மா 540 ரூபா இருந்தது ஒரே ராத்திரில 790. எங்கட கடையில பழைய விலைச் சரக்கு எட்டுப் பக்கட் இருந்தது. அப்பா பழைய விலைக்கே குடு எண்டிட்டார். நானும் தலையாட்டிப்போட்டு, ரெண்ட மட்டும் எடுத்து அரிசி வாளிக்குள்ள, அரிசிக்கு அடியில தாட்டு வச்சன். இன்னும் விலை ஏறும், அப்ப விப்பம் எண்டு. பின்னேரம் ரோட்டு முடக்கு வீட்டுப் பிள்ளை கைக்குழந்தையோட வந்து, "மாமி பால்மா இருக்கோ" எண்டா. நான் முகத்தப் பாத்து, "முடிஞ்சுது பிள்ளை" எண்டன். அண்டைக்கு வெள்ளிக்கிழமை, தபசு காலம் வேற, கடைய மூடிட்டு நேர சிலுவைப்பாதைக்குப் போனன். பதினாலு ஸ்தலமும் முழங்கால்ல நிண்டன், ஒரு ஸ்தலமும் மனசில பதியேல்ல, கண்ணுக்குள்ள அந்த அரிசி வாளிதான்.

அடுத்த நாள் விடிய ஒரு பக்கட்டக் கொண்டுபோய்க் குடுத்தன், பழைய விலைக்கு. ஒளிச்சு வச்சனான் எண்டு சொல்லத் துணிவு வரேல்ல, "தேடேக்க ஒண்டு ஆப்பிட்டுது" எண்டு அதிலயும் ஒரு பொய். அவ சில்லறை எண்ணி எண்ணிக் கையில வச்சா, 540. மற்றப் பக்கட்டும் அதே விலைக்கு வேற ஆளுக்குப் போச்சு. ஃபாதரிட்ட பாவசங்கீர்த்தனத்தில சொன்னது, அதுக்குப் பிறகு இண்டைக்கு உன்னட்டத்தான்.

அதாலதான் நேத்து நீ தயிரக் கொட்டினன் எண்டு சிரிக்கேக்க எனக்குத் தொண்டை அடைச்சது. எனக்கு ரெண்டு பக்கட்டில முடியாமப் போனது உனக்கு அத்தனை கப்பில முடிஞ்சிருக்கு, அதுவும் சம்பளம் குடுக்கிறவனுக்கு முன்னால. நைட் டியூட்டி உடம்புக்கு ஒத்துக்கொள்ளாட்டி சொல்லு, வேற இடம் பாக்கலாம், ஊருக்கு வந்தாலும் ஒண்டும் குறையாது.

அப்பா சுகம். விடியப் பூசை முடிஞ்சு எங்கட திருகோணமலை டச்பே கடற்கரைப் பக்கம் நடக்கேக்க ஒரு உரப்பை கொண்டுபோறார், சனம் கடலை திண்டிட்டுப் போடுற ஷொப்பிங் பேக் எல்லாத்தையும் பொறுக்கிறதுக்கு. ஊருக்குள்ள திரியிற மான் அதத் திண்டு சாகுதாம். பஸ் ஸ்டாண்டில நிக்கிற பெடியள் மான் தாத்தா எண்டு பகிடி பண்ணுறாங்கள், அவருக்கு அதில பெருமை வேற. போன கிழமை அதே மான் வந்து என்ர ரோசாக் கண்டு நாலையும் மொட்டையடிச்சிட்டுப் போட்டுது, அதுக்கு அவர் வாயே திறக்கேல்ல.

அந்தக் குழந்தை இப்ப நேசரிக்குப் போகுது, வந்து டொபி கேக்கும்.

உனக்கு நெத்தலிக் கருவாடு காயப் போட்டிருக்கிறன், ஆராவது டோஹா வாற ஆக்கள் இருந்தா சொல்லு. கடைத் தராசு வேற பழுதாப் போச்சு, கிலோவுக்கு 20 கிராம் கூடக் காட்டுது, திருத்தக் குடுத்தாச்சு, திங்கட்கிழமை தான் தருவினமாம். பக்கத்துக் கடையில இரவல் கேக்க வெக்கமாக் கிடக்கு, பழைய சுண்டுப் பேணியாலதான் அளக்கிறன். இவ்வளவு நாளும் குறையப் போயிருக்குமே எண்டு ஒவ்வொருத்தருக்கும் ஒரு பிடி கூடப் போடுறன், அப்பா பின்னால நிண்டு "ஒரு பிடி எண்டா 20 கிராமே, கடைய அள்ளிக் குடுக்கிறாய்" எண்டு கத்துறார்.

அன்புடன்
அம்மா