மாஸ்ட்ரிக்ட்: கட்டணப் பட்டியலில் தெரியாத கல்வி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்துக்கு அதில் ஒரு பத்தி ஒதுக்கப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில் படிக்கலாம், கட்டணம் குறைவு, கலந்துரையாடல் முறை என்பதால் தேர்வுச் சுமை இல்லை என்ற மூன்று செய்திகளோடு அந்தப் பத்தி முடிந்துவிட்டது. முதல் செய்தி பெரும்பாலும் சரி, இரண்டாவது பாதியளவுக்கே சரி, மூன்றாவது முற்றிலும் தவறு. சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஐரோப்பிய அரசியல் சார்ந்த முதுகலைப் படிப்பை முடித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கட்டணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்து அரசு நிர்ணயிக்கும் கட்டணம் 2024-25 கல்வியாண்டில் 2,530 யூரோ. ஆனால், அது அடிப்படையில் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் குடிமக்களுக்கானது. மற்றவர்கள் அதைப்போலப் பல மடங்கு செலுத்த வேண்டும். கட்டுரையை நம்பி விண்ணப்பிக்கும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

இனி, கட்டுரை தொடாமலே விட்ட விஷயத்துக்கு வருகிறேன். மாஸ்ட்ரிக்ட், லைடன் போலவோ உத்ரெக்ட் போலவோ நூற்றாண்டுகளின் பெருமை கொண்ட பல்கலைக்கழகம் அன்று. நாட்டின் தென்கோடியில், பெல்ஜிய எல்லையை ஒட்டி அது அமைந்துள்ள லிம்பர்க் மாகாணத்தில் நிலக்கரிச் சுரங்கங்களை மூடப்போவதாக அரசு 1965-இல் அறிவித்தது. சுரங்கத்தை நம்பியிருந்த வட்டாரத்துக்கு ஈடாகக் கேட்டுப் பெறப்பட்டவற்றுள் ஒன்று நாட்டின் எட்டாவது மருத்துவக் கல்லூரி. முறைப்படியான சட்டம் நடைமுறைக்கு வரும்வரைகூடக் காத்திராமல், 1974 செப்டம்பரில் ஏறத்தாழ 50 மாணவர்களோடு வகுப்புகள் தொடங்கிவிட்டன. 1976 ஜனவரியில் அது பல்கலைக்கழகமாக அதிகாரபூர்வமாகத் திறந்துவைக்கப்பட்டது. ஏற்கெனவே ஏழு மருத்துவக் கல்லூரிகள் உள்ள சிறிய நாட்டில் எட்டாவது எதற்கு என்ற கேள்விக்கு, நாங்கள் வேறு விதமாகக் கற்பிப்போம் என்பதைத் தவிர நிறுவனர்களிடம் வலுவான பதில் வேறு இருந்திருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1969-இல் தொடங்கியிருந்த சிக்கல்வழிக் கற்றலை அவர்கள் கையில் எடுத்தார்கள். பின்னர் வந்த சட்டம், பொருளியல், கலைத் துறைகளும் அதே வழியில் நடந்தன.

அந்த முறையில் விரிவுரைக்கு இரண்டாம் இடம்தான். பத்துப் பதினைந்து மாணவர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்வார்கள். அவர்கள் முன் ஒரு சிக்கல் வைக்கப்படும். சிவப்பணுக்களைத் தூய நீரில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் அவை உப்பி வெடிக்கின்றன, 0.9 சதவீத உப்புக் கரைசலில் இட்டால் அப்படியே இருக்கின்றன, ஏன் என்பது போன்ற இரண்டு மூன்று வரிகளே இருக்கும். இதற்குக் காரணமான சவ்வூடு பரவல் (சவ்வின் வழியே நீர் ஊடுருவுவது) என்ற சொல்லை யாரும் முன்கூட்டிச் சொல்லித்தர மாட்டார்கள். முதலில் புரியாத சொற்களைத் தெளிவுபடுத்திக்கொண்டு, சிக்கல் இன்னதென்று வரையறுத்து, தமக்குத் தெரிந்ததை எல்லாம் பலகையில் கொட்டி, அதை ஒழுங்குபடுத்தி, எது தெரியவில்லை என்பதைக் கேள்விகளாக எழுதிக்கொண்டு மாணவர்கள் கலைவார்கள். சில நாள் நூலகத்தில் படித்துவிட்டு வந்து, அடுத்த அமர்வில் அதே மேசையில் பதில்களை ஒப்பிடுவார்கள். ஏழு படிகள் கொண்ட இந்த வரிசையை அங்கே எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அமர்வை நடத்துவதும் குறிப்பெடுப்பதும் மாணவர்களின் வேலை, முறை வைத்து மாறும். டியூட்டர் என்று அழைக்கப்படும் ஆசிரியர் ஓரமாக அமர்ந்திருப்பார். பேச்சு தடம் மாறினால் ஒரு கேள்வி கேட்பார், அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டிருப்பதே அந்த வேலையின் கடினமான பகுதி என்று ஒரு டியூட்டர் என்னிடம் சொன்னதுண்டு.

பல நாட்டு மாணவர்கள் சேர்ந்திருப்பது இந்த மேசையில்தான் பொருள் பெறுகிறது. சுமார் 22,000 மாணவர்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டவர் என்ற கணக்கைக் கட்டுரை பெருமையாகக் குறிப்பிட்டிருந்தது. ஆனால், முந்நூறு பேர் அமரும் விரிவுரை அரங்கில் பக்கத்து இருக்கைக்காரர் எந்த நாட்டவர் என்பதால் கற்றலில் என்ன மாறிவிடும்? எங்கள் குழுவில் ஒருநாள் ‘கூட்டாட்சி’ என்ற ஒரு சொல்லைத் தெளிவுபடுத்தும் முதல் படியே அரைமணி நேரத்தை விழுங்கியது. ஜெர்மன் மாணவருக்கு அது மாநிலங்களின் உரிமையைக் காக்கும் ஏற்பாடு. பிரிட்டன் மாணவிக்கோ அதிகாரம் எல்லாம் ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸுக்குப் போய்க் குவிவதன் பெயர். இருவரும் ஒரே ஆங்கிலச் சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள். 1992 பிப்ரவரி 7 அன்று அதே நகரத்தில் கையெழுத்தான, ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தின் வரைவிலிருந்து அந்தச் சொல் பிரிட்டனின் வற்புறுத்தலால் நீக்கப்பட்டது என்பதைப் பாடநூலில் முன்பே படித்திருந்தேன். ஏன் நீக்கினார்கள் என்பது அந்த மேசையில்தான் விளங்கியது.

தேர்வுச் சுமை இல்லை என்ற செய்தியும் திருத்தப்பட வேண்டியது. ஒவ்வொரு பாடப்பிரிவின் முடிவிலும் தேர்வோ கட்டுரையோ உண்டு. அதற்கும் மேலாக, மருத்துவத் துறை உருவாக்கிய முன்னேற்றத் தேர்வு என்ற ஒன்று நெடுங்காலம் நடந்த விதத்தைச் சொல்கிறேன். ஆண்டுக்கு நான்கு முறை, முதலாண்டு மாணவர் முதல் இறுதியாண்டு மாணவர் வரை அனைவரும் ஒரே வினாத்தாளை எழுதுவார்கள். படித்து முடித்த மருத்துவர் அறிந்திருக்க வேண்டியவற்றிலிருந்து 200 கேள்விகள். எந்தப் பாடத்தோடும் கட்டப்படாததால் முந்தைய இரவு கண்விழித்துப் படித்துப் பயனில்லை. ‘தெரியாது’ என்பதையும் ஒரு விடையாகக் குறிக்கலாம், அதற்கு மதிப்பெண் குறையாது. ஆனால், ஊகித்துத் தவறாக எழுதினால் குறையும். தனக்குத் தெரியாது என்பதை அறிந்துவைத்திருக்கும் மருத்துவர் வேண்டும் என்ற எண்ணத்தை ஒரு வினாத்தாளின் அமைப்பிலேயே பொதிந்துவைத்த விதத்தை நான் இன்றும் வியக்கிறேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. படிக்காமல் வந்து மற்றவர் பேச்சில் ஒளிந்துகொள்பவர் ஏறக்குறைய எல்லாக் குழுக்களிலும் இருப்பார். டியூட்டர் சோர்ந்தவராக இருந்தால் ஏழு படிகளும் வெறும் சடங்காகிவிடும். இந்த முறையைப் பற்றிய 43 ஆய்வுகளைத் தொகுத்து 2003-இல் வெளியான கட்டுரை ஒன்று, இதில் கற்றவர்கள் அறிவைப் பயன்படுத்தும் திறனில் தெளிவாக முன்னிற்கிறார்கள் என்றும், பெறும் தகவல் சற்றுக் குறைவு, ஆனால் பெற்றது கூடுதலாக நினைவில் நிற்கிறது என்றும் முடிவு கூறியது. என் அனுபவமும் அதுவே. வரிசையாகப் பாடம் கேட்டவர்கள் அறிந்த சில அடிப்படைகளை நான் பின்னாளில் தனியே தேடிப் படிக்க வேண்டியிருந்தது.

ஆங்கிலத்தில் படிக்கலாம் என்பதையும் நிலையான உண்மையாக எழுதிவிட முடியாது. டச்சு மொழியின் இடம் குறுகுகிறது, மாணவர்களுக்கு வீடு கிடைப்பதில்லை என்ற குரல்கள் வலுத்து, பிறமொழியில் நடக்கும் பட்டப்படிப்புகளைக் கட்டுப்படுத்தும் சட்ட முன்வரைவு ஒன்று 2024-இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. தாய்மொழியில் உயர்கல்வி நிலைக்க வேண்டும் என்ற கவலையை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன். எனினும், பெல்ஜியத்தின் லியேஜும் ஜெர்மனியின் ஆகெனும் முப்பது கிலோமீட்டர் அளவில் இருக்க, தலைநகர் ஆம்ஸ்டர்டாம் இரண்டரை மணி நேர ரயில் பயணத் தொலைவில் உள்ள எல்லை நகரத்தையும் ஆம்ஸ்டர்டாமையும் ஒரே கோலால் அளப்பது பொருந்துமா என்பது அங்குள்ளவர்களே எழுப்பும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட.

தங்கள் கல்வி இணைப்பு ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் கட்டணம், தரவரிசை, விண்ணப்பக் கடைசி நாள் என்று அட்டவணை வெளியிடுகிறது. ஒரு வகுப்பில் எத்தனை பேர் அமர்கிறார்கள், அங்கே பேசுபவர் ஆசிரியரா மாணவரா என்ற இரண்டு தகவல்களையும் அதில் இனி சேர்க்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்