புத்தகக் கட்டோடு ஒரு கடிதம்

கோவில்பட்டி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். உன் நலமே எங்கள் வேண்டுதல்.

குடும்பத்தைப் பற்றியும் உறவுகளைப் பற்றியும், கஷ்டத்திலிருந்து மனிதர்கள் எப்படி மீண்டு வருகிறார்கள் என்பதைப் பற்றியும் படிக்க நல்ல புத்தகங்கள் சொல்லுங்கள் என்று போன வாரம் தொலைபேசியில் கேட்டிருந்தாய். விவாகரத்துத் தீர்ப்பு வந்த பிறகு நீயாக என்னிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் முறை என்பதால், வாய்க்கு வந்த நாலைந்து பெயர்களைச் சொல்லிப் பேச்சை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. என் அலமாரியில் தேடி எடுத்துக் கட்டி, புனே முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன். அவற்றை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

நீ வாங்கிவைத்திருக்கும் சுயமுன்னேற்ற நூல்கள் இரண்டு அத்தியாயத்துக்கு மேல் ஓடவில்லை என்று வருத்தப்பட்டாய். அதில் உன் குறை ஏதும் இல்லை, மகளே. நூலகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்த வகை நூல்கள் திரும்பி வரும்போது முதல் இருபது பக்கங்களின் ஓரம் மட்டும் விரல் பட்டு மங்கியிருக்கும். மீதித் தாள்கள் அச்சகத்திலிருந்து வந்த விறைப்போடு அப்படியே இருக்கும். கதைப் புத்தகங்கள் அப்படி வருவதில்லை. அட்டை கழன்று, நடுப்பக்கத்தில் மஞ்சள் பூசிய கட்டைவிரல் ரேகை பதிந்து, பேருந்துச் சீட்டோ ரேஷன் கடை ரசீதோ அடையாளத்துக்குச் செருகப்பட்டு, அடுப்படிப் புகை வாசத்தோடு வந்து சேரும். அவற்றை எடுத்துச் சென்ற பெண்களில் பலர் நூலகத்துக்கு நேரில் வந்ததே இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளையின் கையில் உறுப்பினர் அட்டையைக் கொடுத்தனுப்பி, "போன தடவை கொடுத்த மாதிரியே ஒன்று" என்று கேட்டு வாங்கிப் படித்தவர்கள். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் உண்டு என்று 1931இலேயே விதி வகுத்தார் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன். அந்த விதியின் பொருளை எனக்குப் புரியவைத்தவர்கள் முகம் பார்த்திராத அந்த வாசகிகள்தான்.

அறிவுரை நூல்களை நான் இகழவில்லை. அவை படிப்பவரைத் தனியாக நிறுத்திவைத்து, எழுந்து நில், உன்னை மாற்றிக்கொள், கடந்து போ என்று சொல்கின்றன. துக்கத்தில் இருப்பவர் ஏற்கெனவே தனியாக நிற்பவர்தான். எழ வேண்டும் என்று அவருக்கும் தெரியும், எழத்தான் முடியவில்லை. நம் மொழியின் நல்ல கதைகளில் எவரும் தனியாக மீள்வதில்லை. அடிபட்டவருக்குப் பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தார்கள், அல்லது யார் வராமல் போனார்கள் என்பதே அவற்றில் கதையின் உயிராக இருக்கிறது. நீ அப்படிப் படிக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

ஜெயகாந்தனிடமிருந்து தொடங்கு. அவருடைய 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வந்த சிறுகதை. மழையில் பேருந்துக்குக் காத்து நின்ற ஒரு கல்லூரிப் பெண், காரில் வந்த முன்பின் தெரியாத ஒருவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். கணவனை இழந்து, ஒண்டுக் குடித்தனத்தில் மகளை வளர்க்கும் தாய் முதலில் பதறி அலறுகிறாள். அலறல் கேட்டு அண்டைவீட்டார் என்னவென்று கேட்டதும், மழையில் நனைந்து வந்திருக்கிறாள் என்று ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு, மகளை உள்ளே அழைத்துப்போய் தலையில் தண்ணீரை ஊற்றுகிறாள். உன்மேல் எந்தக் களங்கமும் இல்லை என்று சொல்லித் தேற்றுகிறாள். அவ்வளவுதான் கதை. அந்த நாளில் இதற்கு எழுந்த எதிர்ப்பு சாதாரணமானது அன்று. பிறகு அதே ஜெயகாந்தன், அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரறியக் கூச்சல் போட்டிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்து, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எழுதினார். 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது அந்த நாவல். அதில் கங்கா என்று பெயர் பெறும் அந்தப் பெண்ணை அண்ணன் வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். அவள் படித்து, வேலைக்குப் போய், சொந்தக் காலில் நிற்கிறாள். ஆனாலும் அந்த ஒரு இரவின் கூச்சல் அவள் காதைவிட்டுப் போவதே இல்லை.

இரண்டையும் அடுத்தடுத்துப் படி. நடந்த கொடுமை இரண்டிலும் ஒன்றே, தாயும் ஒரே தாய்தான். வேறுபாடு அடுத்த சில நிமிடங்களில் வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதில் மட்டும் இருக்கிறது. இலக்கியமாகப் பார்த்தால் நாவல்தான் கனமானது என்று பலரும் சொல்வார்கள், நானும் மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு வீட்டில் ஒன்றுதான் இருக்கலாம் என்றால், நான் சிறுகதையைத்தான் வைப்பேன். நீ பெட்டியோடு இங்கே வந்து இறங்கிய நாளில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வாசலில் நின்று, மாப்பிள்ளை வரவில்லையா என்று கேட்டபோது, உன் அம்மா, "என் மகள் வந்திருக்கிறாள், பசியோடு இருக்கிறாள்" என்று மட்டும் சொல்லிவிட்டு உன்னை உள்ளே கூட்டிப்போனாள். அவள் ஜெயகாந்தனைப் படித்தவள் அல்லள்.

அடுத்தது நம் பக்கத்து ஊர்க்காரர். திருநெல்வேலி சாலையில் இடைசெவலைத் தாண்டும்போதெல்லாம் உனக்குச் சொல்லியிருக்கிறேன், கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர் என்று. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையைச் சின்ன வயதில் உனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். இப்போது மறுபடி படித்துப் பார். தீபாவளிக்கு முந்தைய இரவில், கோவணம் கட்டிய, உடம்பெல்லாம் சிரங்கு பிடித்த ஓர் அநாதைச் சிறுவன் ஓர் ஏழை வீட்டுக்கு வருகிறான். தாயம்மாளுக்குத் தன் பிள்ளைகளுக்குத் துணி எடுப்பதே பெரும்பாடு. ஆனாலும் விடியற்காலையில் தன் பிள்ளைகளைக் குளிப்பாட்டியதுபோல அவனையும் குளிப்பாட்டுகிறாள். கட்டிக்கொள்ள அவனுக்கு ஒன்றுமில்லை. கணவனுக்கென்று வைத்திருந்த துண்டு ஒன்றுதான் வீட்டில் மிச்சம். அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று அவள் தயங்கும் இடத்தை நிதானமாகப் படி. தயக்கமே இல்லாத வள்ளலாக அவளைக் காட்டியிருந்தால் கதை பொய்யாகப் போயிருக்கும்.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' உனக்கு முதலில் வறட்சியாகத் தோன்றலாம். சென்னையில் குடிநீர்ப் பஞ்சம் நிலவிய காலம். சினிமா ஆசை காட்டி ஒருவன் ஜமுனாவைப் பயன்படுத்திக்கொள்கிறான். தங்கை சாயாவும் கோபித்துக்கொண்டு விலகிப்போகிறாள். வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம்வரை போன ஜமுனாவிடம் பேச வருபவர் அக்கம்பக்கத்தில் வசிக்கும் டீச்சரம்மா. இருமிக்கொண்டே கிடக்கும் வயதான கணவர், கடுகடுக்கும் மாமியார், பள்ளிக்கூட வேலை, குழாயடி என்று மூச்சுவிட நேரமில்லாத பெண் அவர். ஆறுதல் மொழி ஒன்றும் அவர் சொல்வதில்லை. பதினைந்து வயதில் தன்னைக் கட்டிக்கொடுத்த கதையை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டு, தண்ணீர் பிடிக்கக் கிளம்பச் சொல்கிறார். சில துயரங்களுக்கு உற்றார் உதவ மாட்டார்கள். அடுத்த வீட்டில் குடத்தோடு நிற்பவர்தான் உதவுவார். அங்கே புனேயில் உன் குடியிருப்பில் மராத்தி பேசும் ஓர் அம்மா காலையில் கதவைத் தட்டித் தேநீர் தருகிறார் என்று சொன்னாயே, அவரோடு நன்றாகப் பழகு.

பூமணியின் 'வெக்கை' 1982இல் வந்தது. 'அசுரன்' படம் பார்த்துவிட்டதால் கதை தெரியும் என்று ஒதுக்கிவிடாதே. படத்தைவிடப் புத்தகத்தில் வெட்டுக்குத்து குறைவு. சோறும் தூக்கமும் காவலும் அதிகம். அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு ஓடும் பதினைந்து வயதுப் பையன் சிதம்பரத்தோடு அவன் அய்யாவும் காட்டில் தலைமறைவாகிறார். மகன் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அறிந்த தகப்பன் அவனைக் கண்டித்துத் தள்ளிவிடாமல், சோறு பொங்கிக் கொடுத்து, படுக்க இடம் பார்த்து, பழைய கதைகளைச் சொல்லிக்கொண்டு கூடவே நடக்கிறார். தகப்பனும் பிள்ளையும் அவ்வளவு நேரம் பேசிக்கொள்ளும் புத்தகம் தமிழில் எனக்குத் தெரிந்து அபூர்வம்.

பாமாவின் 'கருக்கு', சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' இரண்டும் கட்டுக்குள் இருக்கின்றன. துறவற மடத்தைவிட்டு வெளியேறிய பாமா, தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து எழுதி 1992இல் வெளிவந்தது முதல் நூல். படித்தால்தான் நம்மை மதிப்பார்கள் என்று அண்ணன் சொன்ன ஒரு பேச்சு அவரைப் பள்ளிக்கூடத்தில் எவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு போயிற்று என்று அதில் பார். துவரங்குறிச்சியில் பதின்மூன்று வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட சல்மா, திருமணத்துக்குப் பிறகும் மறைவில்தான் கவிதை எழுதினார். அவற்றை வெளியே கொண்டுசேர்த்தது அவருடைய தாய். அந்தத் தாயை நினைத்துக்கொண்டே நாவலைப் படி.

உன் அலமாரியில் விக்டர் ஃபிராங்கலின் நாஜி வதைமுகாம் நூல் இருப்பதைப் போன தடவை பார்த்தேன். மனவலிமைக்கு மேற்கோள் காட்டவே பலரும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அந்த வியன்னா மருத்துவருக்கு அமெரிக்கா செல்ல விசா கிடைத்திருந்தது. வயதான பெற்றோரை விட்டுப்போக மனமில்லாமல் அதைக் காலாவதியாக விட்டவர் அவர். முகாமில் விடியற்காலைக் குளிரில் வேலைக்கு ஓட்டிச் செல்லப்பட்டபோது, உயிரோடிருக்கிறாளா என்றே தெரியாத மனைவியோடு மனத்துக்குள் பேசிக்கொண்டு நடந்ததாக எழுதுகிறார். அந்தப் பக்கங்களை விட்டுவிட்டு இலட்சியம், குறிக்கோள் என்று பேசுவது அவருக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

இமையத்தின் 'செல்லாத பணம்' மட்டும் இந்தக் கட்டுக்குள் இல்லை. 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல் அது. பொறியியல் படித்த மகள் ஆட்டோ ஓட்டுநரைக் காதலித்து மணந்துகொள்கிறாள். அவளோடு முகம் கொடுத்துப் பேசாத தலைமை ஆசிரியர் தந்தை, அவள் தீக்காயத்தோடு கிடக்கும் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை என்று பணத்தோடு ஓடி வருகிறார். பெண்ணைப் பெற்ற ஒவ்வொரு தகப்பனும் படிக்க வேண்டிய புத்தகம். நான் இரண்டு முறை படித்திருக்கிறேன். புண் ஆறாத நேரத்தில் நீ தனி அறையில் உட்கார்ந்து அதைப் படிப்பதை நான் விரும்பவில்லை. தீபாவளிக்கு நீ வரும்போது எடுத்துத் தருகிறேன், இங்கே எங்களோடு இருந்து படி.

எதையும் முடித்தே தீர வேண்டும் என்று கட்டாயமில்லை. பிடிக்காததை மூடிவைத்துவிட்டு அடுத்ததை எடு. அந்தத் தேநீர் அம்மாவுக்கு 'தண்ணீர்' கதையை உன் இந்தியில் சொல்லிப் பார். சென்னைக் குழாயடி அவருக்கும் புரியும். கங்காவின் அண்ணனைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று எனக்குக் கட்டாயம் எழுது. அவனை மன்னிக்கலாம் என்று உன் அம்மா கதை கேட்டுவிட்டுச் சொல்கிறாள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. கட்டு கைக்கு வந்ததும் ஒரு போன் செய்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா