அந்தமான் கல்யாணம்: குன்னூர் குழுவுக்கு

எல்லாருக்கும் வணக்கம். நம்ம வகுப்புத் தோழி கல்யாணம் பிப்ரவரி 14, மாலை 4 மணி, ஹேவ்லாக் தீவுக் கடற்கரையில். 11ஆம் தேதி மாலை 5 மணிக்குக் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் வேன். மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ்.

1. சென்னையில் காலை விமானம் போடாதீங்க. ரயில் கொஞ்சம் லேட்டானாலும் போச்சு. 11 மணிக்கு மேல் கிளம்புறதாப் பாருங்க.

2. முதல் ராத்திரி போர்ட் பிளேயரில்தான். மதியம் இறங்கி அன்றைக்கே ஹேவ்லாக் கப்பலைப் பிடிக்கறது சூதாட்டம். 13 காலை கப்பல். வாந்தி வர்றவங்க அரை மணி முன்னாடியே மாத்திரை போட்டுக்கணும்.

3. டிக்கெட்டிலும் ஆதாரிலும் பெயர் ஒண்ணா இருக்கணும். இனிஷியல்தான் தகராறு பண்ணும்.

4. ஸ்கூபா ஆசைப்படறவங்க 13ஆம் தேதியே முடிங்க. டைவிங்குக்கும் 16ஆம் தேதி விமானத்துக்கும் நடுவே குறைஞ்சது 18 மணி நேரம் வேணும். உடம்பில் தங்கின நைட்ரஜன் உயரத்தில் குமிழாகி மூட்டுகளைப் பிடிக்கும். ஆறாயிரம் அடி மலை ஏறுறதுக்கும் இதே கணக்குதான்.

5. சீருக்கு ஹோம்மேட் சாக்லேட் வேண்டாம், உருகிடும். வர்க்கியைக் காத்துப் புகாத டின்னில் வைங்க. கடல் காத்து பட்டா ஒரே நாளில் நமுத்துடும். தேயிலை பிரச்சினையில்லை.

6. பவர் பேங்க் கைப்பையில். திரும்பும்போது பவளம், சிப்பி பொறுக்கி வராதீங்க, ஏர்போர்ட்டில் பிடிப்பாங்க.

7. ஸ்வெட்டர் ஒண்ணு போதும், ரயிலுக்கு. பட்டு கட்டறவங்க பாடு அவங்க பாடு!

வர்றவங்க பெயர், வயசு, சைவமா அசைவமான்னு ஞாயிறு ராத்திரி 8 மணிக்குள் இங்கேயே போடுங்க. கட்டைவிரல் மட்டும் காட்டினா கணக்கில் சேராது.